குழாயும் சேர்ந்துதான் சென்சார்

சோழிங்கநல்லூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கையில் இருப்பது பழைய 1.8 டர்போ ஆக்டேவியா, 150 குதிரைத்திறன். கம்பெனி ஏர் ஃபில்டர் பாக்ஸைக் கழற்றிவிட்டு, அம்பத்தூர் பக்கம் ஒரு பட்டறையில் 3 இன்ச் அலுமினியக் குழாய் வளைத்து, முனையில் கோன் ஃபில்டர் மாட்டியிருக்கிறார். ஏர்ஃப்ளோ சென்சாரை அதன் பிளாஸ்டிக் ஹவுசிங்கிலிருந்து உருவி எடுத்து, புதுக் குழாயில் வெல்டு வைத்த ஒரு தட்டில் திருகிவிட்டார்கள். அன்றிலிருந்து ஐடிலிங் ஏறி இறங்குகிறது. சிக்னலில் ஏசியோடு நின்றால் அணையப் பார்க்கிறது. பத்து நாளில் செக் எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0171 என்ற கோளாறு எண் வந்திருக்கிறது. ஆனால் 4000 ஆர்பிஎம்முக்கு மேல் முன்னைவிட நன்றாக இழுக்கிறதாம். "ரீமேப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார்களாம், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்குகளை மாற்றி எழுதினால். போடலாமா அண்ணா என்பதுதான் கேள்வி.

இப்போது போடாதீர்கள், தம்பி. அண்ணா என்று கேட்டதால் அண்ணன் மாதிரியே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். இந்த ஒரு சென்சாரைப் புரிந்துகொள்ளாமல் ரீமேப்புக்குக் காசு கொடுத்து, மூன்று மாதம் கழித்து எஞ்சினுக்குக் காசு கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏர்ஃப்ளோ சென்சார் எஞ்சினுக்குள் போகும் காற்று முழுவதையும் அளக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது அளப்பது, குழாயின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் தன் மூக்குத் துவாரத்துக்குள் நுழைகிற துளிக் காற்றை மட்டும். உள்ளே மின்சாரத்தில் சூடாக இருக்கும் மெல்லிய ஒரு படலம் இருக்கிறது. காற்று அதன்மேல் ஓடினால் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். உங்கள் காரில் இருக்கும் பாஷ் வகையில் சூடேற்றி நடுவில், அதன் முன்னும் பின்னும் ஒவ்வொரு வெப்பநிலை உணரி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து எவ்வளவு காற்று, எந்தத் திசையில் என்று கண்டுபிடித்து அதை வோல்ட்டாக அனுப்புகிறது. ஈசியூவில், அதாவது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரில், ஒரு டேபிள் இருக்கிறது: இத்தனை வோல்ட் வந்தால் மணிக்கு இத்தனை கிலோ காற்று என்று. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கிற கதைதான். பானை முழுக்க ஒரே மாதிரி வெந்திருந்தால் அந்த ஒரு சோறு உண்மை சொல்லும். ஒரு பக்கம் குழைந்து ஒரு பக்கம் அரைவேக்காடாக இருந்தால், எந்தப் பக்கத்துச் சோறு கையில் வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் பதில்.

கம்பெனிக்காரன் அந்த டேபிளை எழுதியது அந்தக் குறிப்பிட்ட பிளாஸ்டிக் ஹவுசிங்குக்காக: அதன் உள்விட்டம், அதன் வாயில் இருக்கும் கம்பிவலை, அதற்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் பாக்ஸ் எல்லாம் சேர்த்து. அதனால்தான் குழாயும் சேர்ந்துதான் சென்சார் என்று நான் சொல்வது. நீங்கள் சென்சாரைப் பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்கு மாற்றியதாக நினைக்கிறீர்கள். உண்மையில் பாதி சென்சாரை ஷெல்ஃபில் வைத்துவிட்டு, மீதிப் பாதியை மட்டும் காரில் மாட்டியிருக்கிறீர்கள்.

முதலில் விட்டத்தைப் பார்ப்போம். ஒரே அளவு காற்று அகலமான குழாயில் போனால் வேகம் குறையும். சென்சாரில் படும் காற்றும் அதற்கேற்பக் குறையும். பழைய ஹவுசிங்கின் உள்விட்டம் கணக்குக்காக 66 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், உங்களுடையதை வெர்னியர் வைத்து அளந்து சரியான எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். புதுக் குழாய் 3 இன்ச், அதாவது 76 மி.மீ. என்றுதான் பட்டறையில் சொல்லியிருப்பார்கள். ஆனால் அது வெளிவிட்டம். சுவர் ஒன்றரை மி.மீ. கனம் என்றால் உள்விட்டம் 73. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 73-இன் வர்க்கத்தை 66-இன் வர்க்கத்தால் வகுத்தால் 1.22. எஞ்சின் அதே காற்றைத்தான் குடிக்கிறது, ஆனால் சென்சார் 18 சதவீதம் குறைத்துச் சொல்கிறது. அதை நம்பி ஈசியூ பெட்ரோலையும் குறைத்து விடுகிறது. ஆக்ஸிஜன் சென்சார் "லீன், லீன்" (பெட்ரோல் போதவில்லை) என்று கத்த, ஈசியூ ஃபியூயல் டிரிம் என்ற பெயரில் 22 சதவீதம் கூட்டிப் போட வேண்டியிருக்கிறது. இந்த இடத்தில் 73-க்குப் பதிலாக 76 போட்டுக் கணக்கிட்டால் 1.33 வரும்; அதை வைத்து டேபிளைப் பெருக்கினால் கார் 8 சதவீதம் ரிச்சாக, அதாவது பெட்ரோல் அதிகமாகி, ஓடும். வெளிவிட்டத்தை வைத்து ட்யூன் செய்த கார்கள் கறுப்புப் புகையோடு வருவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வெர்னியரின் விலையில் முடிய வேண்டிய விஷயம்.

இதோடு பெட்ரோலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலர் யோசிக்காத இடம் இது. சுத்தமான பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் பெரும்பாலும் கிடைப்பது ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலுக்கு 9 பங்கு காற்றே போதும் என்பதால், கலவைக்கு அந்த எண் 13.5 பக்கம் வந்துவிடுகிறது. அதாவது அதே காற்றுக்கு 8, 9 சதவீதம் எரிபொருள் அதிகம் ஊற்ற வேண்டும். உங்கள் கார் பிறந்த காலத்தில் ஈ20 கிடையாது. அப்படியென்றால் இன்டேக்கைத் தொடாமலே உங்கள் டிரிம் கிட்டத்தட்ட 8 சதவீதம் கூட்டலில் நின்றிருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். 1.22-ஐ 1.08-ஆல் பெருக்குங்கள்: 32 சதவீதம். பொதுவாக டிரிம் 25 சதவீதம் பக்கம் போனதும் ஈசியூ கையை உதறிவிட்டு விளக்கைப் போடும். பி0171 என்பது அதுதான். உங்கள் கார் கெட்டுப்போகவில்லை, பொய்க் கணக்கை ஒப்பேற்ற முடியாமல் புகார் கொடுத்திருக்கிறது.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு லாக் (ஸ்கேனர் காட்டும் எண்களின் பதிவு) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் நச்சரிப்பது இதற்காகத்தான். கம்பெனி இன்டேக்கோடு, சூடான எஞ்சினில், ஐடிலிங்கில் விநாடிக்கு எத்தனை கிராம், டிரிம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால், இன்று வந்த 32-இல் பெட்ரோலின் பங்கு எது, குழாயின் பங்கு எது என்று பிரிக்க முடிந்திருக்கும்.

சரி, விட்டம் தெரிந்துவிட்டது, டேபிளை 1.22-ஆல் பெருக்கினால் முடிந்ததா? முடியாது. விட்டத் தவறு ஒரு நிலையான தவறு. தராசு எப்போதும் கிலோவுக்கு நூறு கிராம் குறைத்துக் காட்டினால் மனக்கணக்கில் சரிசெய்துகொள்ளலாம். நிறுக்க நிறுக்க ஒவ்வொரு தடவை ஒவ்வொன்று காட்டினால் என்ன செய்வீர்கள்? சென்சாரை வைக்கும் இடம் தப்பாக இருந்தால் வருவது இரண்டாவது வகைத் தவறு. உங்கள் ஐடிலிங் ஏறி இறங்குவதைப் பார்த்தால் அதுவும் இருக்கிறது.

ஐடிலிங்கில் இந்த எஞ்சின் விநாடிக்கு ஏறத்தாழ 3 கிராம் காற்று குடிக்கும். சென்னை வெப்பத்தில் அது இரண்டரை லிட்டருக்குச் சற்று மேல். 73 மி.மீ. குழாயில் அந்தக் காற்றின் வேகம் விநாடிக்கு 0.6 மீட்டர். வாயால் ஊதினால் இதைவிட வேகமாகப் போகும். முழு ஆக்ஸிலரேட்டரில் 120 கிராம் குடிக்கும்போது, பழைய ஹவுசிங் வழியாக அதே காற்று விநாடிக்கு 30 மீட்டர், அதாவது மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் போகும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே ஒரே சென்சார் வேலை செய்ய வேண்டும். மேல் எல்லையில் சிறு சுழல்கள் பெரிதாகத் தெரியாது. கீழ் எல்லையில் பக்கத்தில் யாராவது தும்மினாலும் தெரியும். உங்கள் காரில் பக்கத்தில் இருப்பது தும்மல் இல்லை, ரேடியேட்டர் ஃபேன்.

இதேபோல் ஒரு கார் என்னிடம் வந்தது. கோன் ஃபில்டர், அதை ஒட்டி நாலு விரல் தூரத்தில் சென்சார். ஐடிலிங்கில் ஸ்கேனரில் 3.1, 3.0, 3.1 என்று அமைதியாக இருந்தது. ஏசியைப் போட்டேன். ஃபேன் சுற்றியதும் 2.6, 3.8, 2.9 என்று எண்கள் குதிக்க ஆரம்பித்தன. எஞ்சினும் கூடவே குலுங்கியது. சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரின் அட்டையைக் கழற்றி ஃபேனுக்கும் ஃபில்டருக்கும் நடுவே பிடித்தேன். எண்கள் உடனே அடங்கின. எடுத்தேன், குதித்தன. கார்க்காரர் வாய் பேசாமல் நின்றார். அதற்கு முந்தின வாரம்தான் த்ராட்டில் பாடியை மாற்றியிருந்தார். சிக்னலில் ஏசியோடு நின்றால் அணையப் பார்க்கிறது என்கிறீர்களே, நாளைக்கே ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள். கை ஃபேனுக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வளைவு. வளைவில் வேகமாகத் திரும்பும் எம்டிசி பஸ்ஸில் நிற்கிறவர்கள் எல்லோரும் வெளிப்பக்கம் சாய்வது போல, குழாய் வளைவில் காற்றும் வெளிச்சுவர் பக்கம் ஒதுங்கும். வளைவு முடிந்த உடனே அங்கே ஒரு சென்சாரை வைத்தால், வெளிப்பக்கம் வைத்தால் அதிகமாகவும் உள்பக்கம் வைத்தால் குறைவாகவும் காட்டும். அந்தக் காரில் இன்னொன்றும் செய்தேன்: 2500 ஆர்பிஎம்மில் நிறுத்தி வைத்துவிட்டு, கிளாம்ப்பைத் தளர்த்தி, குழாயை அதன் அச்சிலேயே மெல்லக் கால் சுற்று திருப்பினேன். எஞ்சின் குடிக்கும் காற்று மாறவே இல்லை. ஸ்கேனரில் கிராம் கணக்கு மாறிக்கொண்டே போனது. திருப்பத் திருப்ப டிரிம் அதைத் துரத்திக்கொண்டு ஓடியது. ஒரு கிளாம்ப்பை எந்தப் பக்கம் திருப்பி இறுக்குகிறோம் என்பதில் ட்யூன் மாறும் என்றால், அதற்கு மேல் போடும் ரீமேப்புக்கு என்ன அர்த்தம்?

காற்று மறுபடி சமமாக, வளைவுக்குப் பிறகு குழாயின் விட்டத்தைப் போலப் பத்து மடங்கு நேர் நீளம் வேண்டும் என்பது ஆலைகளில் ஃப்ளோ மீட்டர் வைக்கிறவர்களின் பழைய கணக்கு. 73-க்குப் பத்து மடங்கு முக்கால் மீட்டர். பானெட்டுக்குள் அதற்கு இடம் எங்கே? அதனால் நாம் சமரசம்தான் செய்துகொள்ள வேண்டும். சென்சாருக்கு முன்னால் குறைந்தது 6 இன்ச் நேர்க் குழாய், பின்னால் 3 இன்ச். இதற்குக் குறைந்தால் நான் கை வைக்க மாட்டேன். வளைவுக்குப் பிறகுதான் வைத்தாக வேண்டும் என்றால், வளைவின் உள்பக்கமோ வெளிப்பக்கமோ இல்லாமல், அந்த வளைவுத் தளத்துக்குக் குறுக்காக, பக்கவாட்டிலிருந்து சென்சாரை நுழையுங்கள். இரண்டு எல்லைக்கும் நடுவான ஒரு வேகம் கிடைக்கும். குழாயின் அடிப்பக்கத்தில் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள். மழை ஈரம், ஆயில் துளி எல்லாம் அங்கேதான் சேரும்.

அப்படியானால் கம்பெனிக்காரன் ஃபில்டர் பாக்ஸை ஒட்டியே சென்சாரை வைத்திருக்கிறானே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அந்தப் பெட்டிதான் அவனுடைய ரகசியம். அவ்வளவு பெரிய பெட்டிக்குள் காற்று வந்து வேகம் இழந்து நின்று, தட்டை ஃபில்டர் முழுவதும் பரவி, பிறகு புனல் வாய் வழியாக எல்லாப் பக்கமிருந்தும் சமமாக உள்ளே நுழைகிறது. அதற்கு மேல் ஒரு கம்பிவலை பெரிய சுழல்களைச் சின்னதாக நறுக்குகிறது. அசிங்கமான கறுப்புப் பெட்டி என்று கழற்றிப் போடுகிறோமே, அது மாதக்கணக்கில் சோதனை செய்து வந்த வடிவம். அந்த வலையையும் "காற்றைத் தடுக்கிறது" என்று பிடுங்கி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். பிடுங்கினால் எஞ்சினுக்குப் பெரிய லாபம் எதுவும் இல்லை, சென்சாருக்குத்தான் பார்வை மங்கும்.

வலைக்குப் பதில் தேன்கூடு மாதிரி ஸ்ட்ரெய்ட்னர் வைக்கலாம், அலுமினியத்தில் கிடைக்கிறது. கூல்டிரிங்க்ஸ் ஸ்ட்ராவை நறுக்கிக் கட்டாகக் கட்டி ஒட்டி வைத்த ஒரு மேதையையும் பார்த்திருக்கிறேன். அளவு என்னவோ அருமையாகத்தான் நின்றது. பானெட் சூட்டில் பசை இளகினால் அந்த ஸ்ட்ரா நேராக டர்போவுக்குள் போகும், நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் சக்கரத்துக்குள். வேண்டாம்.

பட்டறை வேலையில் பார்க்க வேண்டியவை இன்னும் சில. வெல்டு வைத்த தட்டு எவ்வளவு உயரம்? பழைய ஹவுசிங்கில் சென்சாரின் துவாரம் குழாயின் மையத்தில் நின்றிருக்கும். தட்டு உயரமாகிவிட்டால் அது மேல் சுவர் பக்கம் ஏறிவிடும், அங்கே காற்று மெதுவாகத்தான் ஓடும். குழாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், ஆர்கான் வெல்டின் பிசிறு உள்ளே துருத்திக்கொண்டிருக்கிறதா என்று. சென்சாருக்கு முன்னால் சிலிக்கான் ஹோஸின் விளிம்பு உள்ளே படியாக நிற்கிறதா? அதுவும் சுழலைக் கிளப்பும். சென்சார் மேல் இருக்கும் அம்புக்குறி டர்போவைப் பார்க்கிறதா? சிரிக்காதீர்கள், திருப்பி மாட்டிய காரும் வந்திருக்கிறது.

டர்போ காரில் இன்னும் இரண்டு ஹோஸ்களைப் பார்க்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மிஞ்சும் அழுத்தக் காற்றைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்விலிருந்து வரும் ஹோஸ், கிராங்க்கேஸ் புகை வரும் ஹோஸ். இரண்டுமே சென்சாருக்குப் பிறகுதான், சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவேதான், குழாயில் சேர வேண்டும். புகை ஹோஸ் சென்சாருக்கு முன்னால் சேர்ந்தால் ஆயில் ஆவி அந்த மெல்லிய படலத்தில் படிந்து, மாதக் கணக்கில் மெல்ல மெல்லப் பொய் சொல்ல வைக்கும். அந்த ஹோஸைக் கழற்றிவிட்டு முனையில் குட்டி ஃபில்டர் மாட்டி, குழாயில் இருந்த துளையை டேப் ஒட்டி மூடியிருந்தால், அங்கே காற்று கணக்கில் வராமல் உள்ளே போகிறது என்று அர்த்தம். டைவர்ட்டர் ஹோஸைப் பொறுத்தவரை, அது குழாயில் சேரும் கோணம் டர்போ பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நேர்க்குத்தாகவோ சென்சார் பக்கமோ சேர்ந்தால், ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் அழுத்தக் காற்று சென்சார் முகத்தில் அறைகிறது. "ஷ்ஷ்" சத்தத்துக்கு ஆசைப்பட்டு வெளியே விடும் வால்வு மாட்டுகிறவர்களுக்கு வேறு பிரச்சினை: அளந்து முடித்த காற்றை வெளியே துப்பிவிட்டு, அதற்கான பெட்ரோலை மட்டும் உள்ளே ஊற்றுகிறார்கள். கியர் மாற்றும்போது சைலன்ஸரில் பட் பட் என்று வெடிப்பது அதனால்தான்.

லீக் பார்க்கப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். ஹார்டுவேர் கடையில் குழாய் வாய்க்குப் பொருந்தும் பிவிசி எண்டு கேப் ஒன்று, பழைய டியூபிலிருந்து ஒரு வால்வு. கேப்பில் துளை போட்டு வால்வைப் பொருத்தி, சென்சார் பக்கத்து வாயில் மாட்டி, கால் பம்பால் மெதுவாகக் காற்றடியுங்கள். அரை பார் போதும், அதற்கு மேல் போகாதீர்கள். சோப்புத் தண்ணீரை இணைப்புகளில் தெளித்தால் நுரை காட்டிக் கொடுக்கும். சென்சார் தட்டின் ஓரிங்கையும் விடாதீர்கள். பட்டறையில் வெல்டு சூட்டில் தட்டு வளைந்து, ஓரிங் ஒரு மூலையில் உட்காராமல் இருப்பது சாதாரணம்.

சென்சார் அழுக்காக இருந்தால் அதற்கென்றே விற்கும் கிளீனர் ஸ்ப்ரேயை மட்டும் அடித்துத் தானாகக் காய விடுங்கள். கார்புரேட்டர் கிளீனர் கூடாது, பட்ஸ் வைத்துத் துடைக்கவும் கூடாது. ஆயில் தடவும் காட்டன் ஃபில்டர் என்றால், கழுவிய பிறகு ஆயிலை ஊற்றிக் குளிப்பாட்டாதீர்கள்; மிஞ்சியது சென்சாரில்தான் போய் உட்காரும். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரத்தில் கார் நிற்பதாக இருந்தால் கனெக்டரின் பின்களையும் ஒரு தடவை பாருங்கள். உப்புக் காற்றில் பச்சை பூத்த கிரவுண்டு பின்னால் சில பத்து மில்லிவோல்ட் நகர்ந்தாலும் ஐடிலிங் கணக்கு கெட்டுவிடும்.

இனி ட்யூனிங். "மேலே நன்றாக இழுக்கிறது" என்றீர்களே, அந்த இடத்தில்தான் எனக்குப் பயம். ஏர்ஃப்ளோ எண்ணை ஈசியூ பெட்ரோலுக்கு மட்டும் பயன்படுத்துவதில்லை. அந்த எண்ணை வைத்துத்தான் எஞ்சின் மேல் எவ்வளவு சுமை இருக்கிறது என்று கணக்கிடுகிறது, சுமையை வைத்து இக்னிஷன் டைமிங்கை எடுக்கிறது. சென்சார் 18 சதவீதம் குறைத்துச் சொன்னால், ஈசியூ "லேசான சுமைதான்" என்று நினைத்துத் தீப்பொறியைச் சீக்கிரமே அடிக்கிறது. கலவை லீன், டைமிங் அட்வான்ஸ், இரண்டும் ஒரே பக்கம். கம்பெனி டேபிள் ரிச்சாகவும் பத்திரமாகவும் எழுதப்பட்டிருக்கும் என்பதால், இரண்டும் கொஞ்சம் நகர்ந்தால் கார் உண்மையிலேயே விறுவிறுப்பாகத் தெரியும். இன்டேக் மாட்டியதும் பத்துக் குதிரை கூடியது என்று சொல்கிற கதைகளில் பாதி இதுதான். அந்தக் குதிரை காற்றிலிருந்து வரவில்லை, எஞ்சினின் பாதுகாப்பு இடைவெளியிலிருந்து கடன் வாங்கியது. மார்கழி அதிகாலையில் ஈசிஆரில் பறக்கிற கார், அக்னி நட்சத்திரத்தில் மதியம் இரண்டு மணிக்கு மதுரவாயல் பைபாஸில் நாக் (கலவை தானாக வெடித்து எஞ்சினைத் தட்டுவது) அடிக்க ஆரம்பிக்கும். டிரிம் பெட்ரோலைச் சரிசெய்துவிடும், டைமிங்கைச் சரிசெய்யாது. நாக் சென்சார் மட்டுமே கடைசிக் காவல்.

அதனால் வரிசை முக்கியம். குழாய் வேலை முடிந்து, லீக் இல்லை என்று உறுதியாகி, ஃபேன் போட்டாலும் எண் குதிக்கவில்லை என்றான பிறகே லேப்டாப்பைத் திறக்க வேண்டும். உங்கள் காரில் இருப்பது பாஷ் எம்இ7.5 ஈசியூ. அதில் எம்எல்எச்எஃப்எம் என்று 512 கட்டங்கள் கொண்ட ஒரு டேபிள், வோல்ட்டிலிருந்து காற்றுக்கு. முதலில் அதை முழுவதும் பரப்பு விகிதத்தால் பெருக்குங்கள். அது தொடக்கம்தான். புதுக் குழாயில் காற்று ஓடும் விதமே வேறு என்பதால் எல்லா வேகத்திலும் ஒரே விகிதம் பொருந்தாது.

பிறகு சாதாரணமாக ஓட்டி லாக் எடுங்கள், குறைந்தது ஒரு மணி நேரம், ஓஎம்ஆர் நெரிசலும் பைபாஸ் சீரான வேகமும் இரண்டும் வருகிற மாதிரி. ஒவ்வொரு வோல்ட் பகுதியிலும் டிரிம் எவ்வளவு என்று பாருங்கள். 20 கிராம் பகுதியில் கூட்டல் 6 என்றால் அந்தக் கட்டங்களை 1.06-ஆல் பெருக்குங்கள். முழு ஆக்ஸிலரேட்டர் பகுதிக்கு டிரிம்மை நம்ப முடியாது; சைலன்ஸர் பைப்பில் வைட்பேண்ட் லாம்ப்டா (கலவை எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்று எண்ணாகச் சொல்லும் சென்சார்) வைத்தே ஆக வேண்டும். ஈசியூ கேட்ட லாம்ப்டா 0.85, வந்தது அதைவிட லீனாக 0.92 என்றால், 0.92-ஐ 0.85-ஆல் வகுத்தால் 1.08, அந்தப் பகுதியை 8 சதவீதம் ஏற்றுங்கள். திருத்திய பிறகு கோடு வழவழப்பாக இருக்க வேண்டும். ரம்பப் பல் மாதிரி இருந்தால் எங்கோ லாக்கைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள்.

ஒரே வோல்ட்டில் எடுத்த அளவுகள் எல்லாம் 3 சதவீதத்துக்குள் கூடி நிற்கின்றனவா என்று பார்ப்பது என் பழக்கம். 10 சதவீதம் சிதறிக் கிடந்தால் லேப்டாப்பை மூடிவிட்டு மறுபடி குழாயிடம் போவேன். சராசரி எடுத்து எழுதிவிடலாம்தான், ஆனால் எந்த நேரத்திலும் உண்மையாக இல்லாத சராசரி அது. இன்னொன்று: ஏர்ஃப்ளோ தவறை இன்ஜெக்டர் எண்ணை மாற்றி மறைக்கிற வேலையை அனுமதிக்காதீர்கள். டிரிம் பூஜ்யமாகிவிடும், ஸ்கேனரில் பார்க்க அழகாக இருக்கும், சுமைக் கணக்கும் டைமிங்கும் அப்படியே தப்பாக இருக்கும். அந்த "ரீமேப் போட்டால் சரியாகிவிடும்" என்பது இந்த வகையாக இருந்துவிடுமோ என்பதுதான் என் சந்தேகம்.

சென்சாரே போய்விட்டதா என்று ஒரு சந்தேகம் வந்தால், கனெக்டரைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். இந்த ஈசியூ த்ராட்டில் கோணத்தையும் ஆர்பிஎம்மையும் வைத்துக் குத்துமதிப்பாக ஓட்டிக்கொள்ளும். கழற்றிய பிறகு கார் நன்றாக ஓடினால், சென்சாரிலிருந்து வந்துகொண்டிருந்தது பொய் என்று தெரிந்துகொள்ளலாம். சோதனைக்கு மட்டும்தான், அப்படியே ஆபீஸ் போய்வர வேண்டாம். முழு ஆக்ஸிலரேட்டர் லாக்கை ஈசிஆரில் எடுக்காதீர்கள். டைனோவில் (காரை உருளைகள்மேல் நிறுத்தி ஓட்டும் மேடை) எடுங்கள், அல்லது இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நாள் கிடைக்கும்போது போங்கள்.

மேப் சென்சார் கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துக் குழம்ப வேண்டாம். நம் ஊர்ச் சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் ஏர்ஃப்ளோ சென்சாரே கிடையாது. மேனிஃபோல்டின் அழுத்தத்தையும் காற்றின் சூட்டையும் வைத்துக் கணக்குப் போடும். அவற்றில் த்ராட்டிலுக்கு முன்னால் குழாயை மாற்றினால் அளவு இப்படிக் கெடாது. சூடு மட்டும் அங்கேயும் பிரச்சினைதான்.

சூடு என்றதும், உங்கள் கோன் ஃபில்டர் எந்தக் காற்றைக் குடிக்கிறது என்று யோசித்தீர்களா? 25 டிகிரிக் காற்றும் 60 டிகிரிக் காற்றும் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். ஓஎம்ஆர் நெரிசலில் பானெட்டுக்குள் திறந்து கிடக்கும் ஃபில்டர் குடிப்பது எஞ்சின் துப்பிய சூட்டைத்தான். சென்சார் அந்த எடைக் குறைவைச் சரியாகவே சொல்லும், ஆனால் இல்லாத காற்றை அதனால் உண்டாக்க முடியாது. சரி, கீழே பம்பருக்குள் இறக்கிவிடலாம் என்றால், இது வேளச்சேரியும் மடிப்பாக்கமும் இருக்கிற ஊர். ஐப்பசி மழையில் துரைசாமி சப்வேயில் முழங்கால் தண்ணீரில் இறக்கினால், ஃபில்டர் தண்ணீரைக் குடிக்கும். தண்ணீர் சுருங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன்? 150 குதிரைக்கு 3 இன்ச் ஏர்ஃப்ளோ குழாய் தேவையே இல்லை. விநாடிக்கு ஒரு கிராம் காற்று, சுமாராக 1.25 குதிரை, 120 கிராமில் உங்கள் எஞ்சினின் தேவை முடிந்துவிட்டது, பழைய ஹவுசிங்கே அதற்குத் தாராளம். பெரிய டர்போ போட்டுச் சென்சாரின் மேல் எல்லையைத் தாண்டுகிறவர்களுக்குத்தான் பெரிய குழாய். அதனால் ஷெல்ஃபில் இருக்கும் பிளாஸ்டிக் ஹவுசிங்கை வலையோடு எடுத்து, சென்சாரை அதற்குள்ளேயே திரும்ப மாட்டி, கம்பெனி ஃபில்டர் பாக்ஸோடு சேர்த்துப் பொருத்துங்கள். ஆசைக்கு உள்ளே ஒரு நல்ல தட்டை ஃபில்டர் போட்டுக்கொள்ளுங்கள். சென்சாருக்குப் பிறகு, டர்போ வரை, அந்த அலுமினியக் குழாயை வைத்துக்கொள்ளலாம்; செலவு வீணாகாது, பார்க்கவும் அழகு. கோன் ஃபில்டர்தான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால், ஃபில்டருக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே அதே விட்டத்தில் 6 இன்ச் நேர்க்குழாய், ஃபேன் பக்கம் ஒரு தகரத் தடுப்பு. அதற்குக் குறைந்து வேண்டாம்.

மாட்டி முடித்ததும் ஃபால்ட் கோடை அழித்து, பழைய டிரிம்மையும் அழித்து, ஸ்கேனரில் 060-ஆம் பிளாக்கில் த்ராட்டில் அடாப்டேஷன் செய்துவிட்டு நாலு நாள் சாதாரணமாக ஓட்டுங்கள். பிறகு 032-ஆம் பிளாக்கில் வரும் முதல் இரண்டு எண்களையும் (முதலாவது ஐடிலிங், இரண்டாவது ஓட்டத்தில்), 002-இல் ஐடிலிங் கிராம் கணக்கையும், ஃபேன் ஓடும்போது ஒன்று, ஓடாதபோது ஒன்று என எழுதி அனுப்புங்கள். டேங்கில் கடைசியாக என்ன பெட்ரோல் போட்டீர்கள் என்பதையும் மறக்காமல் சேருங்கள். இரண்டாவது எண் கூட்டல் 8 பக்கம் நின்றால் தொடவே வேண்டாம். 15-ஐத் தாண்டினால் பிவிசி கேப்பையும் கால் பம்பையும் வைத்து லீக் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.